கேட்டு வாங்கிய பணம்

(ஆம்பூரில் இளைஞர்களுக்காக நடந்த படக்காட்சியின் முடிவில் ஆற்றிய உரை)

 

இப்போது நாம் பார்த்த 'கூ 53' படம் 2019-இல் வெளிவந்தது. 'கூ' என்றால் ஆட்சிக் கவிழ்ப்பு. ஈரானில் பிறந்த தகீ அமீரானீ ஏறத்தாழ பத்தாண்டுகள் அலைந்து எடுத்த படம்.

1951-இல் பிரதமர் முஸத்திக் எண்ணெயை நாட்டுடைமை ஆக்கினார். பிரிட்டிஷ் கம்பெனிக்குப் பொறுக்கவில்லை. 1953 ஆகஸ்டில் முதல் முயற்சி தோற்று, ஷா பக்தாதுக்கு ஓடினார். மூன்றே நாளில், ஆகஸ்ட் 19 அன்று, தெருவெல்லாம் கூலிக் கூட்டம், கூடவே டாங்கிகள். ஆட்சி போயிற்று. மறு ஆண்டே ஈரான் எண்ணெயில் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40 சதவீதப் பங்கு! முஸத்திக்குக்கு மூன்றாண்டுச் சிறை. அதன் பிறகு 1967-இல் மவுத்தாகும் வரை வீட்டுக்காவல்.

இதில் தன் பங்கை சி.ஐ.ஏ. ஆவணம் ஒப்புக்கொண்டு வெளிவர 2013 ஆயிற்று. பிரிட்டிஷ் உளவு அதிகாரி டார்பிஷயர் 1980-களில் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காகச் சொன்னதெல்லாம் தட்டச்சுத் தாளாகவே கிடந்தது. அந்தத் தாளைத்தான் இந்தப் படத்தில் ஒரு நடிகர் பேசிக் காட்டினார். நம் தொழிலில் தெரிந்த விஷயம்தானே! முடியோடு இருக்கும்போது தோலின் தழும்பு தெரியாது. சுண்ணாம்பில் ஊறி முடி உதிர்ந்தால்தான் தெரியும். அதற்குள் மாலுக்குப் பணம் கொடுத்து முடித்திருப்போம்.

"அது ஈரான், நமக்கென்ன?" என்று ஒரு தம்பி கேட்டார். தம்பி, ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் ஓரிரவில் கேரளம். அங்கே 1957 ஏப்ரல் 5 அன்று இ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் அமைச்சரவை பதவியேற்றது. கல்வி மசோதாவும் நிலச் சட்டமும் வந்தன. கிறிஸ்தவ சபைகள், நாயர் சங்கம், காங்கிரஸ், மறைக்காமல் சொல்கிறேன், முஸ்லிம் லீகும் சேர்ந்து 'விமோசன சமரம்' நடத்தின. 1959 ஜூலை 31 அன்று 356-ஆவது பிரிவின் கீழ் ஆட்சி கலைக்கப்பட்டது.

டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிஹான் 1978-இல் ஒரு நூல் எழுதினார். கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக, ஒருமுறை கேரளத்துக்கும் ஒருமுறை மேற்கு வங்கத்துக்குமாக, காங்கிரசுக்கு அமெரிக்கப் பணம் தரப்பட்டது என்றார். காங்கிரசே கேட்டு வாங்கியது என்றும், ஒருமுறை இந்திரா காந்தியிடமே கொடுக்கப்பட்டது என்றும் எழுதினார். இந்திரா காந்தி மறுத்தார்.

கேரள மக்களின் கோபத்தை அந்தப் பணம்தான் உண்டாக்கியது என்று நான் சொல்லமாட்டேன். அங்கமாலியில் போலீஸ் சுட்டு 7 பேர் மாண்டது பொய்யா? கம்யூனிஸ்டுகளுக்கு வக்காலத்து வாங்கவும் நான் வரவில்லை. என் கவலை வேறு. தெருவில் நின்றவர்களில் எத்தனை பேருக்கு, தங்கள் கூட்டாளியின் கைக்கு வேறெங்கிருந்தோ பணம் வருகிறது என்று தெரிந்திருக்கும்? கூட்டு வியாபாரத்தில் பங்காளியின் பேரேட்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவோமா? அரசியலில் மட்டும் போட்டுவிடுகிறோம்.

சரி, முஸ்லிம் லீகுக்குக் கிடைத்தது என்ன? 1960 தேர்தலில் அந்தக் கூட்டணி வென்றது. அமைச்சரவையில் லீகுக்கு ஓரிடம்கூடத் தரக் காங்கிரஸ் சம்மதிக்கவில்லை. சபாநாயகர் நாற்காலி மட்டும் சீதி சாஹிபுக்குக் கிடைத்தது. 1961-இல் அவர் மறைந்தபின் அதில் அமர, சி.எச். முஹம்மது கோயா கட்சி உறுப்பினர் பதவியையே விடவேண்டி வந்தது. அந்த நவம்பரிலேயே நாற்காலியையும் விட்டு அவர் வெளியே வந்தார்.