பள்ளியில் குற்றவியல்



உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குற்றவியல் கற்பிக்கலாமா என்பது பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். குற்றவியல் என்றதும் நம்மில் பலருக்குத் துப்பறியும் நாவல்களே நினைவுக்கு வருகின்றன. களவைப் பற்றிப் படித்தால் பிள்ளை களவு கற்றுக்கொள்ள மாட்டானா என்று கவலுறும் பெற்றோரும் உளர். நோயைப் பற்றிப் படிக்கும் மருத்துவ மாணவனை நாம் அவ்வாறு ஐயுறுவதில்லை. குற்றம் ஏன் நிகழ்கிறது, சமூகம் அதனை எவ்வாறு எதிர்கொள்கிறது, தண்டனையால் பயன் விளைகிறதா என்று ஆராய்வதே இத்துறை. பூட்டுத் திறக்கும் வித்தை அதில் இல்லை.

நம் நாட்டுப் பள்ளிகளில் இது பொதுவாகத் தனிப் பாடமன்று. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் மேல்நிலை வகுப்புகளில் சட்டக் கல்வி விருப்பப் பாடமாக உண்டு. அதற்கு மேற்பட்டது கல்லூரியில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்குத் தனித் துறை இருக்கிறது. குஜராத்தில் 2009இல் தொடங்கிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் 2020இல் தேசியப் பல்கலைக்கழகமாயிற்று. குற்றவியலும் தடய அறிவியலும் ஒன்றல்ல என்பதை மட்டும் பெற்றோர் மனங்கொள்ள வேண்டும்.

பள்ளியிலேயே இதன் சுவையை ஊட்ட இயலாதா? கைரேகையை எடுத்துக்கொள்வோம். உலகின் முதல் கைரேகைப் பதிவகம் லண்டனில் அன்று, கல்கத்தாவில் 1897இல் தோன்றியது. அதன் வகைப்பாட்டுக்குக் கணக்கு வகுத்தவர்கள் அஜீஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இருவர். புகழோ அவர்களுடைய மேலதிகாரி ஹென்றிக்குச் சென்றது! அடுத்த ஆண்டே ஒரு வழக்கு. வங்காளத்து ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொலையுண்டார். அங்கிருந்த பஞ்சாங்கமொன்றில் இரத்தக் கறை படிந்த விரற்பதிவு கிடைத்தது. முன்னர் அவரிடம் திருடிச் சிறை சென்ற பணியாளன் ஒருவனின் பதிவோடு அது பொருந்தியது. ஆயினும் நீதிமன்றம் அவனைத் திருட்டுக்கு மட்டுமே தண்டித்தது. கொலைக் குற்றத்தினின்று விடுவித்தது. விரல் பஞ்சாங்கத்தைத் தொட்டது என்பதால் கத்தியையும் தொட்டது என்று ஆகிவிடுமா? பதினைந்து வயதுப் பிள்ளைகள் முப்பது பேரை அமர்த்தி இவ்வினாவை எழுப்பிப் பாருங்கள். மணி அடித்தாலும் வகுப்பு கலையாது.

அதே கைரேகைக்கு மற்றொரு வரலாறும் உண்டு. 1871இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றியது. பிறப்பினாலேயே ஒருவன் குற்றவாளி எனக் கருதிய சட்டம் அது. 1911இன் திருத்தத்திற்குப் பின் சென்னை மாகாணத்திலும் பரவியது. மதுரைச் சீமையில், உசிலம்பட்டிக்கு அண்மையிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை வைக்க மறுத்து நின்றனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் அவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டனர். சென்னை மாகாணம் 1947இலும், இந்திய அரசு 1952இலும் அச்சட்டத்தை நீக்கின. குற்றவாளியை முகத்தோற்றத்தாலேயே அறியலாமென்று 1876இல் நூலெழுதிய இத்தாலியர் லொம்புரோசோவின் கொள்கையும் பின்னர் ஆராய்ச்சியில் நிலைக்கவில்லை. அறிஞரும் அரசும் சேர்ந்து தவறக்கூடும் என்பதை நம் பிள்ளைகள் இளமையிலேயே அறியவேண்டாமா?

இதனை வலியுறுத்தக் காரணம் உண்டு. காலனியில் ஒரு வீட்டில் வளையல் காணாமற்போனால், காவலர் வருமுன்பே பாத்திரம் துலக்கும் பெண்ணின் பெயர் மாடிக்கு மாடி சென்றுவிடுகிறது. பிழைப்பு நாடி வந்து, வெளியூரார் என்று பிறரால் சுட்டப்பட்ட நாமும் அவ்வாறு சுட்டுதல் தகுமா?

சட்டத்தின் சில கூறுகளையும் இப்பாடத்தோடு சேர்க்கலாம். 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்வது எதுவும் குற்றமாகாது. பதினெட்டு வயது நிரம்பாதவரைக் காவல் நிலையக் கொட்டடியில் அடைத்தல் கூடாது. இருபத்து நான்கு மணி நேரத்துள் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தவேண்டும். ஆனால் பதினாறைக் கடந்தவர் கொடுங்குற்றம் புரிந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டால், பெரியவர்போல விசாரிக்கப்படவும் 2015ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிடுகிறது. விளையாட்டாக நண்பர் கூட்டத்தோடு செல்லும் நம் பையன்கள் அறியவேண்டிய செய்தி இது.

இந்தி எழுத்தோ வங்க எழுத்தோ வாசிக்கத் தெரியாத நம் தாய்மார்களுக்கு மேலும் ஒரு குறிப்பு. புலனாய்வின்போது சாட்சியாகக் காவலரிடம் கூறுவதை அவர்கள் எழுதிக்கொண்டாலும், அதில் கையொப்பமிடுமாறு கேட்பது சட்டப்படி கூடாது. நீங்களே கொடுக்கும் புகாருக்குத்தான் கையொப்பம் வேண்டும்; அதையும் உங்களுக்குப் படித்துக் காட்டவேண்டும், படியொன்றைக் கட்டணமின்றித் தரவேண்டும்.

சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் மாதம் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கினால், வழக்கறிஞராயுள்ள நம் உறுப்பினர்களைக் கொண்டே இதனை நடத்தலாம். முதல் வகுப்புக்கு அந்தப் பஞ்சாங்கமும் விரற்பதிவுமே போதும்.