ஆசிரியர் ஃபாப்ரே: தொண்ணூற்றோர் ஆண்டு வாழ்வு

ழான் ஆன்ரி ஃபாப்ரே 1823 டிசம்பர் 21 அன்று தென் பிரான்சின் மலைப்பாங்கான ஆவேரோன் பகுதியில் சேன் லெயோன் என்ற சிற்றூரில் பிறந்தார். 1915 அக்டோபர் 11 அன்று ப்ரோவான்ஸ் பகுதியிலுள்ள செரிஞானில் மறைந்தார். இந்த நீண்ட ஆயுளில் முப்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் வகுப்பறையில் கழிந்தது. பூச்சியியல் அறிஞர் என்றே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அவருடைய ஆய்வு முறை உருவானது காசில்லாத பள்ளிக்கூடங்களில்தான். கைக்குக் கிடைத்ததை வைத்துச் சோதனை செய்வது, விடை தெரியாவிட்டால் மறுபடியும் கேட்பது, எல்லாருக்கும் புரியும் சொல்லில் சொல்வது என்ற ஆசிரியர் தொழிலின் பழக்கங்கள் மூன்றும் அவருடைய பத்துத் தொகுதி நூலிலும் தொடர்கின்றன.

குடும்பம் ஏழ்மையானது. குழந்தைப் பருவத்தில் சில ஆண்டுகள் மலாவல் என்ற இடத்தில் தாத்தா பாட்டியின் பண்ணையில் வளர்ந்தார். பின்னர் பெற்றோர் ஊர் ஊராகப் போய்ச் சிற்றுண்டிக் கடை நடத்திப் பார்த்தனர், எங்கும் நிலைக்கவில்லை. பையன் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றான், ரயில் பாதை வேலையில் கூலியாக நின்றான். அவிஞோன் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கான போட்டித் தேர்வில் வென்று உதவித்தொகை பெற்றதுதான் திருப்பம். 1842இல், பதினெட்டு வயதில், கார்பான்த்ராவில் தொடக்கப்பள்ளி ஆசிரியரானார். ஆண்டுச் சம்பளம் 700 ஃபிராங்க்.

அங்கே நில அளவைப் பாடத்துக்கு மாணவர்களை ஊருக்கு வெளியே கல்லும் முள்ளுமான தரிசுக்கு அழைத்துப் போவது வழக்கம். அளவைக் கோலை நடப்போன பையன் பாதியிலேயே நின்று குனிந்துவிடுவான். பெரிய கறுப்புத் தேனீ ஒன்று கூழாங்கற்களின் மேல் மண்ணைக் குழைத்துக் கூடு கட்டியிருக்கும். பையன்கள் வைக்கோல் துரும்பை விட்டு அதிலிருந்த தேனை உறிஞ்சுவார்கள். ஆசிரியரும் சேர்ந்து உறிஞ்சினார். அந்தத் தேனீயின் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே, ஒரு மாதச் சம்பளம் விலையுள்ள பூச்சியியல் நூல் ஒன்றை வாங்கினார். கொத்தனார்த் தேனீ என்று அழைக்கப்படும் அந்த இனம் அதன்பின் வாழ்நாள் முழுவதும் அவருடைய ஆய்வில் வந்துகொண்டே இருந்தது. மாணவர்கள் ஆசிரியருக்குக் காட்டிய பூச்சி அது என்பதை மறக்கலாகாது.

கணிதம், இயற்பியல் பட்டங்களைத் தாமே படித்துப் பெற்றார். 1849இல் கோர்சிகா தீவின் அழாக்சியோவில் இயற்பியல் ஆசிரியரானார். அங்கே வந்து தங்கிய தாவரவியலாளர் மோக்கன் தாந்தோன், தையல் பெட்டியிலிருந்த ஊசிகளையும் கத்தரிக்கோலையும் கொண்டு, தண்ணீர்த் தட்டில் ஒரு நத்தையை அறுத்து உள்ளுறுப்புகளைக் காட்டினார். ஃபாப்ரே கற்ற உயிரியல் பாடங்களில் நேரடியாக ஒருவர் சொல்லிக்கொடுத்தது அநேகமாக அது ஒன்றே. காய்ச்சல் துரத்தவே தீவை விட்டுத் திரும்பி, 1853இல் அவிஞோன் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அங்கே இருந்தும் 1600 ஃபிராங்க் சம்பளம் உயரவேயில்லை.

அறிவியல் உலகில் அவர் பெயர் எழுந்தது அந்த ஊரிலிருந்துதான். குளவி தன் கூட்டில் சேர்த்துவைக்கும் வண்டுகள் வாரக்கணக்கில் அழுகாமல் இருப்பதைக் கண்ட பூச்சியியலர் லெயோன் த்யூஃபூர், குளவி ஏதோ பதப்படுத்தும் திரவத்தைச் செலுத்துகிறது என்று எழுதியிருந்தார். ஃபாப்ரே கூடுகளைத் தோண்டிப் பார்த்தார். கூன்வண்டுகள் சாகவில்லை, அசைய முடியாமல் கிடந்தன. வண்டின் காலசைவுக்கான நரம்பு முடிச்சுகள் நெருக்கமாக அமைந்துள்ள இடத்தில் குளவி கொட்டுகிறது என்று முடிவுசெய்து, அதே இடத்தில் பேனா முள்ளால் ஒரு துளி அமோனியாவைச் செலுத்தினார். வண்டு அதேபோல் செயலிழந்தது. குளவிக் குஞ்சுக்குக் கெடாத இறைச்சி கிடைக்கும் வழி அதுவே. 1855இல் வெளியான இந்தக் கட்டுரைக்கு மறு ஆண்டு பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசு கிடைத்தது. 1859இல் வந்த தம் பெரும் பரிணாம நூலின் பிந்தைய பதிப்பில் டார்வின் அவரை ஒப்பற்ற நோக்கர் என்று குறிப்பிட்டார்.

1865இல் பட்டுப்புழு நோயை ஆராயப் புறப்பட்ட அறிவியலர் பாஸ்டர் ஃபாப்ரேயைத் தேடிவந்தார். பட்டுக்கூட்டைக் காதருகே குலுக்கி, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கூட்டுப்புழு என்பதே அவருக்குப் புதிது. இவ்வளவு குறைவாகத் தெரிந்துகொண்டு இவ்வளவு பெரிய வேலையில் இறங்கும் துணிவை ஃபாப்ரே வியந்தார். பிறகு பாஸ்டர், திராட்சை மது ஆராய்ச்சி நினைவில், உங்கள் மது நிலவறையைக் காட்டுங்கள் என்றார். ஆசிரியர் வீட்டில் நிலவறை ஏது? மூலையில் பிரம்பு போன நாற்காலி, அதன்மேல் ஒரு மண்குடுவை, அதைக் காட்டினார். மனம் புண்பட்டதை நாற்பது ஆண்டு கழித்தும் அவர் கசப்போடு எழுதினார்.

வறுமையை வெல்ல அவர் நம்பியது மஞ்சிட்டிக்கு உறவான சாயச் செடி ஒன்றை. அதன் வேரிலிருந்து சிவப்புச் சாயமான அலிசரினைத் தூய்மையாகப் பிரிக்கும் வழியைக் கண்டார். அதற்குள் 1868-69இல் ஜெர்மானிய வேதியியலர் அலிசரினைச் செயற்கையாகவே செய்துவிட்டனர். அவிஞோன் வயல்களை அழித்த அதே கண்டுபிடிப்பு, சோழமண்டலக் கரையின் சாயவேர்த் தொழிலையும் பின்னர் வீழ்த்தியது.

கல்வி அமைச்சர் விக்தோர் துயுருய் அவரை மதித்து 1868இல் பாரிசுக்கு அழைத்து உயர் விருது அளிக்கச் செய்தார். மாலை நேர அறிவியல் வகுப்புகளை அவிஞோனில் தொடங்கியபோது பெண்களும் கூடினர். பூவில் கருவுறுதல் எப்படி நிகழ்கிறது என்று அவர்களுக்கு விளக்கினார், மதவாதிகள் கொதித்தனர். அமைச்சர் பதவி இழந்ததும் பாதுகாப்பும் போயிற்று. 1870இல் வீட்டு உரிமையாளர்களான இரு மூதாட்டிகள் ஒரு மாதத்தில் காலிசெய்யச் சொன்னார்கள். அப்போது அவிஞோனில் மனைவியின் கல்லறை அருகே வாழ்ந்த மெய்யியலர் ஜான் ஸ்டூவர்ட் மில், செடி தேடி உடன் அலைந்த நண்பர், 3000 ஃபிராங்க் கடனாக அனுப்பினார். ஃபாப்ரே அதைத் திருப்பிச் செலுத்தினார்.

ஆசிரியர் பணி அத்துடன் முடிந்தது, கற்பித்தல் முடியவில்லை. ஒராஞ்ச் ஊரில் குடியேறிப் பாடநூல்கள் எழுதிப் பிழைத்தார்: வேதியியல், வானியல், தாவரம், வீட்டறிவு. சிலவற்றில் பால் மாமா என்ற பெரியவர் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லுவார். ஆராய்ச்சியில் துணைநின்ற மகன் ழூல் 1877இல் பதினாறு வயதில் இறந்தான். குளவி இனங்களுக்கு அவன் பெயரைச் சூட்டினார்.

1879இல் பாடநூல் வருவாயில் செரிஞானில் ஒரு ஹெக்டேர் அளவு தரிசு வாங்கினார். ஹார்மாஸ் என்று பெயர். அப்போது வயது ஐம்பத்தைந்து. ‘பூச்சியியல் நினைவுகள்’ முதல் தொகுதி அந்த ஆண்டே வந்தது, பத்தாவது 1907இல். கருவிகள் என்று பார்த்தால் கம்பிவலைக் கூண்டு, மண் நிரப்பிய தொட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடி. மிச்சமெல்லாம் பொறுமை.

வெட்டுக்கிளி போன்ற இரையைக் கூட்டுக்கு இழுத்துவரும் குளவி, வளைவாயில் அதை வைத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்து வரும். அந்த நேரத்தில் ஃபாப்ரே இரையைச் சற்றுத் தள்ளி வைத்தார். குளவி வெளியே வந்து இரையை மீண்டும் வாயிலுக்கு இழுத்தது. மீண்டும் உள்ளே போய்ப் பார்த்தது. நாற்பது முறை இதையே செய்தது. உள்ளுணர்வின் குருட்டுத்தனத்துக்கு இன்றும் காட்டப்படும் எடுத்துக்காட்டு இது. ஆனால் வேறோர் இடத்துக் குளவிகள் இரண்டு மூன்று முறைக்குப் பின் நேரே இரையை உள்ளே இழுத்துப் போனதையும் அவரே எழுதியிருக்கிறார். மேற்கோள் காட்டுவோர் அதை விட்டுவிடுகிறார்கள்.

சாணவண்டு முட்டையிடும் இடத்தைப் பல்லாண்டு தேடினார். ஆடு மேய்க்கும் இளைஞன் ஒருவன் கொண்டுவந்த பேரிக்காய் வடிவச் சாண உருண்டைதான் விடையைத் தந்தது. கழுத்துப் பகுதியில் முட்டை இருந்தது. காற்றுப் பட அங்கேதான் வசதி. கூண்டிலிட்ட ஒரு பெண் அந்துப்பூச்சியைத் தேடி ஒரே இரவில் நாற்பது ஆண்பூச்சிகள் வந்தபோது, கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத ஏதோ மணம் என்று ஊகித்தார். 1959இல் வேதியியலர் புட்டனாண்ட் குழுவினர் பட்டு அந்துப்பூச்சியில் அத்தகைய வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தனர்.

எல்லாவற்றிலும் அவர் சரியல்ல. மரத்தடியில் பீரங்கி வெடித்தும் சிள்வண்டுகள் ஓயாததைக் கண்டு அவற்றுக்குக் காது கேளாது என்றார். கேட்கும் என்பது பின்னர் தெரிந்தது. பரிணாமக் கொள்கையை இறுதிவரை ஏற்கவில்லை. ஆயினும் டார்வின் யோசனைப்படி தேனீக்களைப் பெட்டியில் சுழற்றித் தொலைவில் விட்டு, அவை வீடு திரும்புவதைச் சோதித்தார். கொள்கையில் எதிராளி, சோதனையில் கூட்டாளி.

முதுமையில் நூல் விற்பனை சரிந்து வறுமை திரும்பியது. 1910 ஏப்ரலில் நண்பர்கள் விழா எடுத்த பின்னரே புகழும் ஓய்வூதியமும் வந்தன. 1913இல் குடியரசுத் தலைவர் புவான்காரே செரிஞானுக்கு வந்து வணங்கினார். 1922இல் அரசு ஹார்மாஸை வாங்கியது. இன்று அது அருங்காட்சியகம். அவர் வரைந்த நூற்றுக்கணக்கான காளான் ஓவியங்கள் அவர் விட்டுச்சென்ற செல்வம். அதே 1922இல் ஒசுகி சகாயே ஜப்பானியத்தில் முதல் மொழிபெயர்ப்பைத் தொடங்கினார். அதன் விளைவாக, பூச்சி பிடிக்கும் ஜப்பானியச் சிறுவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு, ஃபாப்ரேயின் பெயர் இன்றைய பிரெஞ்சு மாணவர்களுக்குத் தெரிவதில்லை.