கோடு போட்டவர்களும் கோட்டில் மாட்டியவர்களும்

(சூளூர்பேட்டையில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில், ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறியது என்று பேசுகிறார்களே, அது எங்கேயோ நடந்த சமாசாரம், நமக்கு அதனால் என்ன?" என்றார். சிலர் சிரித்தார்கள். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை, தோழர்களே. அது நம் வீட்டுக் கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

2016 ஜூன் 23ஆம் தேதி பிரிட்டனில் வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ 52 பேர் பிரிய வேண்டும் என்றார்கள், 48 பேர் வேண்டாம் என்றார்கள். உண்மையில் வெளியேறியது 2020 ஜனவரி 31ஆம் தேதி. இடையில் மூன்றரை ஆண்டு வாக்குவாதம். சுங்க வரி எவ்வளவு, மீன் யாருக்கு, அயர்லாந்து எல்லையில் லாரியை நிறுத்துவதா விடுவதா என்றெல்லாம் விவாதித்தார்கள். ஆனால் போலந்திலிருந்து வந்து அங்கே கட்டட வேலை செய்தவனுக்கும், ருமேனியாவிலிருந்து வந்து தோட்டத்தில் பழம் பறித்தவளுக்கும் அந்த வாக்கெடுப்பில் ஓட்டு இல்லை. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் குடியுரிமை பெற்று, பிறகு லண்டனுக்குக் குடிபெயர்ந்த ஈழத்தமிழர்கள் பலர். அவர்களுக்கும் இல்லை. ஓட்டுப் போடாத இவர்கள்தான் கடைசியில் "நான் இங்கேயே இருந்துகொள்ளலாமா" என்று விண்ணப்பம் எழுத வேண்டி வந்தது. அதற்கு 2021 ஜூன் 30 வரை கெடு வைத்தார்கள்.

இதைக் கேட்கும்போது உங்களுக்கு எம்.ஆர்.ஓ. ஆபீஸ் வாசல் நினைவுக்கு வருகிறதா, இல்லையா? எனக்கு வருகிறது.

இந்த ஊரே ஒரு பிரிவினையில் அந்தப் பக்கம் போன ஊர். 1953க்கு முன்னால் சூளூர்பேட்டையும் பொன்னேரியும் ஒரே சென்னை ராஜ்யம். எம்.எஸ்.எம். ரயில்வே காலத்திலிருந்து சென்னையும் கூடூரும் ஒரே பாதை. இன்றைக்கும் நம் ஸ்டேஷன் தென்னக ரயில்வேயின் சென்னைக் கோட்டத்தில்தான் இருக்கிறது. மாநிலம் பிரிந்த செய்தி தண்டவாளத்துக்கு இன்னும் எட்டவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்!

ஆந்திரர்கள் தனி மாநிலம் கேட்டதில் நியாயம் இருந்தது. இதை நாம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அலுவலகமும் கல்லூரியும் கோர்ட்டும் சென்னையில் இருக்க, ஸ்ரீகாகுளத்து விவசாயி எத்தனை நாள்தான் ரயிலேறி வந்துகொண்டிருப்பான்? 1913லேயே பாபட்லாவில் ஆந்திர மகாசபை கூடிவிட்டது. 1949ல் நேரு, படேல், பட்டாபி சீதாராமய்யா மூவரும் சேர்ந்து அறிக்கை கொடுத்தார்கள். ஆந்திரம் தரலாம், ஆனால் சென்னை நகரத்தை ஆந்திரர் மறந்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். அங்கேதான் முடிச்சு விழுந்தது. "மதராஸ் மனதே" என்று அவர்கள் முழங்கினார்கள். இந்தப் பக்கத்தில் ம.பொ.சி.யும் தமிழரசுக் கழகமும் சென்னையை விடமாட்டோம் என்று கிளம்பினார்கள். வடக்கெல்லைக்காக மங்கலங்கிழார் ஊர் ஊராக அலைந்தார். 1952 அக்டோபர் 19ஆம் தேதி பொட்டி ஸ்ரீராமுலு மயிலாப்பூரில் புலுசு சாம்பமூர்த்தி வீட்டில் உண்ணாவிரதம் தொடங்கினார். டிசம்பர் 15 இரவு உயிர் துறந்தார். ஆந்திர மாவட்டங்கள் கொந்தளித்தன. ரயில்கள் மறிக்கப்பட்டன, ஸ்டேஷன்கள் சூறையாடப்பட்டன, நெல்லூரில் போலீஸ் சுட்டதில் ஆட்கள் செத்தார்கள். நான்கே நாளில், டிசம்பர் 19ஆம் தேதி, நேரு பார்லிமெண்டில் ஆந்திர ராஜ்யத்தை அறிவித்தார். 1953 அக்டோபர் 1ஆம் தேதி கர்நூலைத் தலைநகராகக் கொண்டு அது பிறந்தது. சர்க்கார் ஆபீஸ்கள் கூடாரத்தில் நடந்தன.

இந்தப் பத்து மாதத்தில் பெரியவர்கள் எதைப் பேசினார்கள்? நீதிபதி வாஞ்சு கணக்குப் போட்டார். கடன் யாருக்கு எவ்வளவு, கட்டடம் யாருக்கு, தற்காலிகத் தலைநகரைச் சென்னையில் வைக்கலாமா என்றெல்லாம் பார்த்தார். சென்னையில் வைக்கக்கூடாது என்று ராஜாஜி சர்க்கார் நின்றது. பிறகு எல்லைத் தகராறு. அதற்கு படாஸ்கர் என்பவரை மத்தியஸ்தராகப் போட்டார்கள். கிராமத்தை அலகாக எடு, எந்த மொழிக்காரர் அதிகம் என்று பார், நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார் என்பது அவர் வழி. பழுதில்லாத வழி என்றே நான் சொல்வேன். அதன்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னைக்கு வந்தது, செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்து சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. திருப்பதியும் சித்தூரும் காளத்தியும் புத்தூரும் அங்கேயே நின்றன.

கிராமத்தை எண்ணினார்கள், தோழர்களே. கிராமத்துக்குள் இருந்த தெருவை எண்ணவில்லை. ஒரு கிராமத்தில் நூற்றுக்கு அறுபது பேர் தெலுங்கு பேசினால் கிராமம் அங்கே போகும். அது சரி. மீதி நாற்பது பேர் வீட்டுப் பிள்ளை எந்த மொழியில் படிக்கும், அவன் சாதிச் சான்றை யார் தருவார், இதற்கெல்லாம் அந்தச் சட்டத்தோடு சேர்த்து ஒரு தெளிவான வரி எழுதி வைத்திருக்கலாம் அல்லவா? எழுதவில்லை. திருத்தணிப் பக்கம் போன தெலுங்குக்காரனுக்கும் இதே கதிதான். 2006ல் தமிழ்நாட்டில் தமிழ் கட்டாயப் பாடம் ஆனபோது அங்குள்ள தெலுங்குப் பிள்ளைகள் என்ன கேட்டார்களோ, அதையேதான் இங்கே நாம் கேட்கிறோம். அவர்கள் கேட்டது தப்பென்றால் நாம் கேட்பதும் தப்பு. நம் மேடையில் நின்றுகொண்டு சிலர் இதை மறந்து பேசுகிறார்கள், அது எனக்குப் பிடிப்பதில்லை.

தொழிலாளி வயிற்றுக்கு வருவோம். 1957ல் தென் மாநிலங்கள் நான்கையும் ஒரே அரிசி மண்டலமாக்கினார்கள். நெல்லூர் அரிசி சென்னைக்குத் தடையில்லாமல் வந்தது. 1960களில் அந்த மண்டலம் உடைந்தது. அதன்பிறகு ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் நடுவே நாலு படி அரிசி முந்தானையில் கட்டிப் போன பெண்ணுக்குப் பெயர் கடத்தல்காரி. லாரி லாரியாகப் போனதற்கு என்ன பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விற்பனை வரிச் சாவடிகள் 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகுதான் எடுக்கப்பட்டன. தண்ணீரையும் பாருங்கள். சென்னை எங்களது என்று சண்டை போட்ட ஆந்திரமே 1983ல் ஒப்பந்தம் போட்டுக் கிருஷ்ணா தண்ணீரைக் கண்டலேறிலிருந்து பூண்டிக்கு விட்டது. ஆண்டுக்கு 12 டி.எம்.சி. தருவதாக ஏற்பாடு. சரக்குக்கும் தண்ணீருக்கும் காலம் கடந்தாவது வழி விட்டார்கள். மனிதனுடைய காகிதத்துக்கு மட்டும் சாவடி இன்னும் இருக்கிறது.

நம்மைவிடக் கொடுமையை அனுபவித்தவர்கள் பர்மாவுக்குப் போனவர்கள். பர்மா அப்போது இந்தியாவோடு ஒட்டியிருந்த மாகாணம். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களில் பெரும்பாலோர் விசாகப்பட்டினம், கோதாவரிப் பக்கத்துத் தெலுங்கர்கள். நம் தமிழர்களும் ஏராளம். பர்மா பிரிவதா வேண்டாமா என்று 1932ல் தேர்தலே நடந்தது. பிரிய வேண்டாம் என்றவர்கள்தான் அதிக இடம் பிடித்தார்கள். ஆனாலும் வெள்ளைக்காரன் 1935ல் சட்டம் போட்டு 1937 ஏப்ரல் 1ஆம் தேதி பிரித்துவிட்டான். பிரித்தபோது வியாபாரத்துக்கு மூன்று வருடம் பழைய நிலை தொடரும் என்று உத்தரவாதம் எழுதினார்கள். கூலிக்காரனுக்கு? 1938ல் கலவரம். 1941ல் குடிவரவைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம். 1942ல் ஜப்பான்காரன் வந்தபோது லட்சக்கணக்கில் அரக்கான் மலை வழியும் மணிப்பூர் வழியும் நடந்தே வந்தார்கள். வழியில் மாண்டவர்கள் ஏராளம். மிச்சமிருந்தவர்களில் பலரை 1962க்குப் பிறகு நெ வின் ராணுவ ஆட்சி கடைகளை எடுத்துக்கொண்டு கப்பலேற்றியது. சென்னையில் பர்மா பஜார் எப்படி வந்தது என்று நினைத்தீர்கள்?

சேர்ந்தே இருந்திருக்க வேண்டும், பிரிந்தது தப்பு என்று நான் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பர்மியன் தன் நாட்டைத் தானே ஆள ஆசைப்பட்டதும், ஆந்திரன் தன் மொழியில் ஆட்சி கேட்டதும், தெலங்கானாக்காரன் 2014 ஜூன் 2ஆம் தேதி தனியே போனதும் அவரவர் உரிமை. என் கேள்வி வேறு. பிரியும்போது கோட்டின் மேல் நிற்பவனுக்கு முன்கூட்டியே என்ன எழுதி வைக்கிறீர்கள் என்பதுதான் அது.

எழுதி வைக்க முடியும் என்பதற்கு 2014 சாட்சி. 1953ல் மறுத்த பொதுத் தலைநகரை அப்போது கொடுத்தார்கள். ஹைதராபாத் பத்தாண்டுக்கு இரு மாநிலத்துக்கும் பொது. 371-டி பிரிவின் கீழ் யார் உள்ளூர்வாசி என்ற விதியைக்கூட மாற்றி, தெலங்கானாவிலிருந்து ஆந்திரத்துக்கு இடம் பெயர்ந்து வந்தவர் குறிப்பிட்ட கெடுவுக்குள் வந்தால் அவர் உள்ளூர்வாசியே என்று 2016ல் உத்தரவு போட்டார்கள். கெடுவைப் பிறகு நீட்டித்தார்கள். ஏன் நடந்தது? 2013ல் இரண்டு மாதம் ஆர்.டி.சி. பஸ் ஓடாமல் சீமாந்திரா ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அந்தச் சங்க பலம் இருந்தது. 1953ல் செங்கல் சூளைக்காரனுக்கும் கேங்மேனுக்கும் அப்படி ஒரு சங்கம் இல்லை.

இனி நம் காரியம். நம் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்று மறுக்கப்படுகிறது. "நீங்கள் தமிழ்நாட்டுக்காரர், அங்கே போய் வாங்குங்கள்" என்கிறார்கள். அங்கே போனால் "நீங்கள் ஆந்திராவில் குடியிருக்கிறீர்கள்" என்கிறார்கள். ஆதி திராவிடர் என்ற பெயர் இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருக்கிறதே என்று நாம் வாதாடினோம். அந்த வாதம் மட்டும் நிற்காது. 1990ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. ஆந்திரத்திலிருந்து பம்பாய்க்குக் குடிபோன குடும்பத்துப் பையன் மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட வழக்கு அது. ஒரு மாநிலத்தின் பட்டியல் உரிமை இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வராது என்று சொல்லிவிட்டார்கள். பத்து வருடத்துக்கு முன் இங்கே வந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பு ஒரு சுவர்தான். பொய்யாக நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

ஆனால் நம்மில் பலருடைய குடும்பம் அப்படி வந்ததல்ல. தாழ்த்தப்பட்டோர் பட்டியலுக்கான ஜனாதிபதி உத்தரவு வெளியான தேதி 1950 ஆகஸ்ட் 10. ஒரு குடும்பம் எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்று பார்க்கும்போது அந்தத் தேதியில் எங்கே நிலையாகக் குடியிருந்தது என்பதைத்தான் பார்க்கிறார்கள். அந்தத் தேதியில் ஆந்திர மாநிலம் என்று ஒன்று பூமியிலேயே இல்லை. பொன்னேரியிலிருந்து உங்கள் தாத்தா 1948ல் சூளூர்பேட்டைக்கு வந்திருந்தால் அவர் எந்த மாநில எல்லையையும் தாண்டவில்லை. ஒரு தாலுக்காவிலிருந்து இன்னொரு தாலுக்காவுக்கு வந்தார், அவ்வளவுதான். எல்லை பிறகு வந்து அவரைத் தாண்டியது. 2021 ஆகஸ்டில் பீகார்–ஜார்க்கண்ட் பிரிவினை சம்பந்தமான வழக்கில் சுப்ரீம் கோர்ட் இன்னொன்று சொல்லியிருக்கிறது. மாநிலம் பிரிக்கப்பட்டால், பிரிந்த இரண்டில் ஏதாவது ஒன்றில் அவன் இட ஒதுக்கீட்டு உரிமை கேட்கலாம், ஒரே சமயத்தில் இரண்டிலும் கேட்க முடியாது என்று. அது நமக்காக எழுதிய தீர்ப்பு அல்ல, அந்தச் சட்டம் வேறு. ஆனாலும் நம் வக்கீல் கையில் கொடுக்க அது ஒரு நல்ல ஆயுதம். தானாக வந்தவன் வேறு, கோடு வந்து மாட்டிக்கொண்டவன் வேறு. இந்த வித்தியாசத்தைக் காகிதத்தோடு நிரூபிக்க வேண்டியது நம் பொறுப்பு.

ஆகவே சங்கம் ஒரு பதிவேடு தொடங்கியிருக்கிறது. ஒவ்வொரு குடும்பமும் 1950க்கு முந்தைய ஏதாவது ஓர் ஆதாரத்தைத் தேட வேண்டும். பள்ளிக்கூட டி.சி., பட்டா, பிறப்பு இறப்புப் பதிவு, மாதாகோயிலில் ஞானஸ்நானப் புத்தகம், எது கிடைத்தாலும் சரி. தாத்தா ரயில்வேயில் கேங்மேனாக இருந்திருந்தால் அவருடைய சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஊரும் சாதியும் எழுதியிருக்கும். அதற்கு எப்படி மனுப் போடுவது என்று நான் எழுதித் தருகிறேன். முதல் பொதுத்தேர்தல் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் அதுவும் துணை ஆதாரமாக உதவும். பிற்பாடு வந்த குடும்பங்களும் பெயர் கொடுக்க வேண்டும். அவர்களுக்கு ரேஷன், பள்ளியில் தமிழ் வாத்தியார் என்று வேறு கோரிக்கை இருக்கிறது. வகுப்பில் பத்துப் பிள்ளை அல்லது பள்ளியில் நாற்பது பிள்ளை இருந்தால் தாய்மொழி ஆசிரியர் என்று 1949லேயே கல்வி மந்திரிகள் மாநாட்டில் ஒப்புக்கொண்டது. அந்தத் தலைக்கணக்கை நாம் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் அதிகாரியிடம் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து சங்கக் கட்டடத்தில் இருப்பேன். ஜெராக்ஸ் மட்டும் கொண்டுவாருங்கள். அசலை என்னிடம் கூடக் கொடுக்காதீர்கள். பாட்டிமார்கள் இருக்கிற வீட்டில் அவர்களையும் அழைத்து வாருங்கள். எந்த ஊரிலிருந்து, எந்த மழைக்கு, யாரோடு வந்தோம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.