கோட்டைத் தளமும் நம் வீட்டு மொட்டை மாடியும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"உன் தொழிலைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசுப்பா" என்றார் செயலாளர். சிமெண்ட் விலையைப் பற்றிப் பேசினால் பாதிப்பேர் பந்திக்கு எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே, நாம் எல்லோரும் பார்த்த ஓர் இடத்தைப் பற்றிப் பேசுகிறேன். அது தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை.

மாயவரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். படிக்கிற காலத்தில் கும்பலாகப் போனோம். கடலில் கால் நனைத்தோம், போட்டோ எடுத்தோம், திரும்பினோம். கட்டடத்தை யார் பார்த்தார்கள்? சிவில் படித்த நானே பார்க்கவில்லை!

தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-ல் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டியது. 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். கீழே சரக்குக் கிடங்கு, மேலே குடியிருப்பு. கிடங்கில் நின்று அண்ணாந்து பாருங்கள். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்பும் வில்லாக வளைந்து மேல்மாடியைத் தாங்குகின்றன. வளைவில் ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை நெருக்குகிறது. பாரம் பக்கவாட்டில் இறங்கிக் கனத்த சுவருக்குப் போகிறது. வளைவின் முதுகுப் பள்ளங்களை நிரப்பிச் சமன் செய்தால் மேலே தட்டையான தளம். கீழே வளைவு, மேலே சமதளம், அவ்வளவுதான் சூட்சுமம். உப்புக் காற்றில் நம் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து ஊதி, தளத்தையே உடைக்கிறது. செங்கல் வளைவுக்கு அந்தக் கவலை இல்லை.

இதற்குச் சுண்ணாம்பு ஏன்? சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி, மெல்ல மெல்ல மறுபடி கல்லாகிறது. ஆனால் ஈரத்தை அடைத்து வைக்காது. உள்ளே போன ஈரம் வெளியே வந்துவிடும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்கு வந்த புதிதில், கடலோரத்தில் ஒரு பழைய வீட்டுச் சுவர் ஓதம் ஏறுகிறது என்றார்கள். சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுக் கெட்டியாகச் சிமெண்ட் பூசச் சொன்னேன். இரண்டு மழைக்காலம்தான். உள்ளே சிக்கிய ஈரம் உப்பாகப் பூத்து, பூச்சு செங்கல் தோலோடு பெயர்ந்து விழுந்தது. வயதான கொத்தனார் ஒருவர் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, செவுத்துக்கு மூச்சு முட்டுது." வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

நம் பட்டமங்கலத் தெரு, மகாதானத் தெருப் பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரசும் சுண்ணாம்பு வேலைதான். தேக்குக் கட்டைகள் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்வாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். அதன்மேல் தட்டோடு. இன்று ஒழுகினால் என்ன செய்கிறோம்? மேலே சிமெண்டைக் கொட்டுகிறோம், இல்லையென்றால் இடித்துவிடுகிறோம்.

உங்களிடம் ஒரே வேண்டுகோள். இடிக்கும் முன் கட்டை செல்லரித்திருக்கிறதா, தட்டோட்டு இடுக்கு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். கட்டை நன்றாயிருந்தால் ஓட்டைப் பிரித்துச் சுண்ணாம்பிலேயே பழுது பாருங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டார்கள். நாம் வேலை கொடுத்தால்தான் அவர் மகன் அந்தக் கரண்டியை எடுப்பான்.

ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த முறை மாணவர்களைத் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போகும்போது, கூடவே அப்படி ஒரு கொத்தனாரையும் அழைத்துப் போங்கள். எனக்குக் கிடைக்காத அந்த வகுப்பு அவர்களுக்காவது கிடைக்கட்டும்.