மடிக்கணினியின் மந்தம்: காரணமும் பரிகாரமும்

(சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



யாம் இன்று பேசப் புகும் விஷயம் சிறியது போலத் தோன்றலாம். ஆயினும், இக்காலத்து மாணவன் ஒருவனது படிப்பு முழுவதும் அவனுடைய மடிக்கணினிக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது. அது மந்தமானால் படிப்பும் மந்தமாகின்றது. உடனே, "பழையதாகிவிட்டது, புதியது வேண்டும்" என்ற பேச்சு வீட்டில் எழுகின்றது. பணம் தேடுபவர் பெற்றோர் அன்றோ?

எமக்கு நேர்ந்ததையே முதலிற் கூறுகின்றோம். எம் தந்தையார் சீட்டுக் காசில் வாங்கித் தந்த மடிக்கணினி, ஆய்வுக்கட்டுரையை ஒப்படைக்க மூன்று கிழமைகளே இருந்தபோது அசைய மறுத்தது. ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டுத் தேநீர் அருந்தி வந்தாலும் அது திறந்திராது. கடையொன்றிற் காட்டினோம். "இதோடு மினக்கெட வேண்டாம், புதிதாக ஒன்று எடுங்கள்" என்றார்கள். தந்தையாரிடம் எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் தயங்கினோம். அத்தயக்கமே எம்மைக் காத்தது. விடுதியிலிருந்த மூத்த மாணவர் ஒருவர், "தம்பி, அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று முதலில் பாரும்" என்றார்.

கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் விண்டோசில் டாஸ்க் மனேஜர் தோன்றும். அதில் நினைவகம் என்ற தலைப்பைச் சொடுக்கினால், பெருந்தீனிக்காரர் வரிசையாக மேலே வந்து நிற்பர். எமது கணினியில் நினைவகம் 95 வீதம் நிரம்பியிருந்தது. வன்தட்டோ 100 வீதம் உழைத்துக்கொண்டிருந்தது. இவ்விரண்டும் ஒருங்கே தோன்றுவதே நோயின் குறி.

காரணம் யாது? றாம் எனப்படும் நினைவகம் நாம் படிக்கும் மேசை போன்றது. வன்தட்டு அடுத்த அறையிலுள்ள அலுமாரி போன்றது. மேசை நிரம்பினால், உடனே வேண்டாத நூலை அலுமாரியில் வைத்துவிட்டு வேண்டியதை எடுத்து வருவோம். கணினியும் அவ்வாறே செய்கின்றது. இம்முறை 1962 இல் இயங்கத் தொடங்கிய மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்து அற்லஸ் கணினியிலேயே கையாளப்பட்டது. முறை நல்லதே, ஆனால் அலுமாரி வெகு தூரத்தில் உள்ளது. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வன்தட்டில், வேண்டிய இடம் சுழன்று வருவதற்கே சராசரி 5 மில்லிசெக்கனுக்கு மேலாகும். நினைவகமோ ஒரு செக்கனின் கோடியில் ஒரு பங்கு அளவிலேயே விடை தரும். மேசையில் உள்ளதை எடுக்க ஒரு செக்கன் ஆகுமாயின், அலுமாரிக்குப் போய்வர அரை நாளுக்கு மேலாகும்! மேசை போதாதபோது படிப்பை விட்டு நடப்பதே தொழிலாகிவிடும். இந்நிலையைத் 'திராஷிங்' என்பர். பீற்றர் டெனிங் என்னும் அறிஞர் இதன் காரணங்களை 1968 இல் விளக்கினார்.

எமது மேசை 4 கிகாபைற்று. விண்டோஸ் 11 விதிக்கும் மிகக் குறைந்த அளவும் அதுவே. அதன்மேல் உலாவியில் முப்பது பக்கங்கள், கணினியுடன் தாமாகவே விழித்தெழும் ஒன்பது செயலிகள், வைரசைத் தடுக்க இரண்டு காவலர்! இவற்றையெல்லாம் அங்கே வைத்தவர் யார்? யாமே.

காசு செலவின்றியே பரிகாரம் செய்தோம். வேண்டாத பக்கங்களை மூடினோம். டாஸ்க் மனேஜரில் தொடக்கச் செயலிகள் என்ற பகுதியிற் சென்று தேவையற்றவற்றை நிறுத்தினோம். காவலருள் ஒருவரை நீக்கி ஒருவரை வைத்துக்கொண்டோம். 'ஷட் டவுன்' செய்வதோடு நில்லாது, இடையிடையே 'ரீஸ்டார்ட்' செய்யப் பழகினோம். விண்டோசின் விரைவுத் தொடக்க வசதி இயங்கும்போது, முன்னது பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து மீண்டும் எடுத்துக்கொள்ளும். பின்னதே முற்றாகப் புதிதாய்த் தொடங்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். பெயர் தெரியாத செயலியை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். அது கணினிக்கே இன்றியமையாததாக இருக்கலாம். நினைவகத்தைச் சுத்தஞ் செய்வதாகக் கூறும் செயலிகளையும் நம்பாதீர்கள்; அவை நூல்களை மேசையிலிருந்து அலுமாரிக்குத் தள்ளுவதோடு சரி. வெறும் மேசையால் பயனில்லை. நிரம்பி வழியும் மேசையே தொல்லை.

கட்டுரை உரிய நாளில் ஒப்படைக்கப்பட்டது. பின்னர், சிறுவர்க்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்துப் பெற்ற காசில், கோப்புகளுக்கெல்லாம் பிரதி எடுத்து வைத்தபின், வன்தட்டை மாற்றிச் சுழலும் பாகமற்ற எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினோம். அந்தப் பழைய கணினியிலேதான் இவ்வுரையும் எழுதப்பட்டது.

சில வேளைகளில் மேசை உண்மையாகவே சிறிதாயிருக்கும். ஒன்றிரண்டு செயலிகளோடும் நினைவகம் நிரம்பினால், அதைக் கூட்டுவதே வழி. சில மடிக்கணினிகளில் நினைவகம் கழற்ற முடியாதபடி பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆகலின் விசாரித்த பின்னரே காசைக் கொடுங்கள்.

இளைஞர்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது அயல்வீட்டுப் பிள்ளையின் கணினியையும் பத்து நிமிடம் பாருங்கள். பெரியோர்களே, உங்கள் பிள்ளை புதியது கேட்டால், "டாஸ்க் மனேஜரைக் காட்டு, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். எம் தந்தையாரும் இச்சபையில் இருக்கின்றார். அவரிடம் கேட்க நினைத்துக் கேளாது விட்ட பணத்தின் கதையை அவர் இன்றுதான் அறிகின்றார்.