கத்திக்கு இல்லாத தீட்டு

(இளம்பிள்ளையில் மாணவர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, சவரக்கத்தியைப் பத்திப் பேசப் போறேன். பிடிக்குள்ள மடங்கிக்கிற பழைய கத்தி. அதோட அகலத்தை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காகக் கணக்கிடுவாங்க. முழு அங்குலம் இருந்தா பெரிய கத்தி. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு, ஜெர்மனியில் சோலிங்கன், இந்த இரண்டு ஊர்ச் சரக்குக்குத்தான் பேர்.

நமக்கும் அதில் பங்கு உண்டு. இதோ நிக்குதே கஞ்சமலை, இது இரும்புத்தாது மலை. 1830களில் ஹீத் என்கிற வெள்ளைக்காரர் சேலத்துத் தாதைக் கொண்டுபோய்ப் பறங்கிப்பேட்டையில் உருக்கினார். அந்த இரும்பு ஷெஃபீல்டுக்குக் கப்பலேறியது. அந்த இரும்பு யார் தாடையையும் தொடமாட்டேன்னு சொன்னதில்லை. சொன்னது ஊர்.

"உனக்கு வெச்ச கத்தியை எப்படி ஊராருக்கு வைக்கிறது?" இதுதான் காலங்காலமாகச் சொன்ன காரணம். நம்ம சனங்களுக்குப் பல ஊர்களில் முடிவெட்டியவர்கள் புதிரை வண்ணார்கள். அவர்களை நம்மாட்களே எப்படி நடத்தினோம் என்பது தனிக்கூட்டம் போட்டுப் பேசவேண்டிய சங்கதி. ஊர் நாவிதர் மேல் எனக்கு ஆத்திரம் கம்மிதான். அவர் சாதிப்பேரையே வசவாக்கி வெச்சிருக்கு இந்த ஊர். தானியம் அளக்கிறவன் பேச்சை மீறினா அவர் வீட்டில் அடுப்பெரியாது. அதுக்காக மறுப்பை நியாயம்னு ஒத்துக்க முடியுமா?

அம்பேத்கர் சின்ன வயசில் சாதாராவில் இருந்தப்போ நாவிதர்களுக்குப் பஞ்சமில்லை, கொடுக்கக் காசும் இருந்தது. ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் முடிவெட்டியது அவருடைய அக்கா. 1948 நவம்பர் 29, அரசியல் நிர்ணய சபை. 'கடை' என்ற சொல்லில் சவரக்கடை அடங்குமா என்று கேள்வி வருது. பதில் சொல்ல எழுந்தவர் அதே அக்காவின் தம்பி. சேவை தர முன்வருகிற எவருடைய இடமும் கடைதான் என்று விளக்கினார். அதுதான் இன்றைய 15(2).

பிறகு எய்ட்ஸ் பயம் வந்தது. ஆளுக்கொரு புது பாதி பிளேடு மாட்டுற கத்தி வந்தது. அப்போ 'ஒரே கத்தி' என்கிற சாக்கு செத்திருக்கணுமே? 2024 பிப்ரவரியில் அரூர் பக்கம் கெளாப்பாறையில் நம்ம இளைஞர்களுக்கு முடிவெட்ட மறுத்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைது நடந்தது. பிளேடு மாறிப்போச்சு, நாற்காலி மாறலை.

சேலத்துக்கு பஸ் ஏறிப் போய் வெட்டிக்கிட்டு வர்றது சுலபம். யாரும் சாதி கேக்கமாட்டாங்க. நானும் அப்படித்தான் படிக்கிற காலத்தைக் கழிச்சேன். ஆனா ஊர்க்கடை அப்படியேதான் இருக்கும். உங்க ஊர்க் கடையில் போய் உட்காருங்க. தனியாப் போகாதீங்க, நாலு பேராப் போங்க. மறுத்தா தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவங்க பேர் எல்லாத்தையும் அன்னிக்கே எழுதி வையுங்க. புகாரோட நகலில் ஸ்டேஷன் முத்திரை வாங்காம வெளியே வராதீங்க. வர்ற ஞாயிற்றுக்கிழமை யார் யார் வர்றீங்க, கையைத் தூக்குங்க.