மிகச் சிறிய வாடகை



இந்த மாநாட்டின் தலைமை நாற்காலிக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் எதிரே பலர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் இருவர் என் கட்டுரைகளுக்கு மறுப்பு எழுதியவர்கள். எனவே நன்றியோடு கொஞ்சம் நடுக்கமும் சேர்த்தே பேசத் தொடங்குகிறேன்.

நிலம் குறைந்த நகரில் அடர்த்தியான பல்பயன் வட்டாரங்கள் என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். சிங்கப்பூர் கடலைத் தூர்த்து ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டரிலிருந்து 730ஐத் தாண்டிய கதையும், அதில் இன்று 60 லட்சம் பேர் வாழ்வதும் உங்களுக்குத் தெரிந்தவை. 1963இல் ஏப்ரம்ஸ், கோபே, கோனிக்ஸ்பெர்கர் மூவரும் ஐ.நா. சார்பில் கொடுத்த நகரப் புதுப்பிப்பு அறிக்கையை நீங்களே பாடமாக நடத்துகிறீர்கள். 1995இல் 'வெள்ளை மனை' முறை வந்தது. அலுவலகம் எவ்வளவு, வீடு எவ்வளவு, கடை எவ்வளவு என்பதை மனையை வாங்கியவரே பெருமளவு தீர்மானிக்கலாம் என்று நகர மறுசீரமைப்பு ஆணையம் விட்டுக்கொடுத்தது. பல்பயன் அன்றுதான் பிறந்தது என்பது இப்போது ஏறக்குறைய பொதுக்கருத்து. மாநாட்டு மலரும் அதையே சொல்கிறது. எனக்கு உடன்பாடில்லை.

தமிழர்கள் செட்டித் தெரு என்று சொன்ன மார்க்கெட் ஸ்திரீட்டுக்கு வாருங்கள். அங்கிருந்த கிட்டங்கிகளைப் பற்றித் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழிப் பதிவுகளில் செட்டியார்களே பேசியிருக்கிறார்கள். நகரத் திட்டமிடலில் ஆய்வு செய்கிறவர்கள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. கிட்டங்கி என்பது ஒடுக்கமான, நீண்ட கடைவீடு. இரு பக்கமும் பாய் விரித்து, ஆளுக்கொரு சாய்வுமேசைப் பெட்டி. ஒரு பெட்டி என்றால் ஒரு விலாசம், ஒரு தனித் தொழில். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். இங்கே மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன். பின்கட்டில் பொதுச் சமையல். பகலில் கடன் கொடுத்த இடத்திலேயோ மாடியிலேயோ இரவில் படுக்கை. ஒரே கூரையின் கீழ் பல வணிகங்களும் அவற்றின் ஆட்களும். இதைவிட அடர்த்தியான பல்பயன் கட்டடத்தை யாராவது காட்டினால் கற்றுக்கொள்வேன்.

கிட்டங்கி வட்டிக்கடையின் வரலாறு, நகரத் திட்டமிடலின் வரலாறு அல்ல என்று நண்பர் ஒருவர் எழுதினார். முன் வரிசையில் இருப்பதால் பெயர் வேண்டாம். அவருடைய இன்னொரு ஆட்சேபம் வலுவானது: அங்கே பெண்கள் இல்லை, குழந்தைகள் இல்லை; மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் ஊருக்குத் திரும்புகிற ஆண்களின் முகாமை வட்டாரம் என்று சொல்லலாமா? சொல்லக் கூடாதுதான். காற்றும் வெளிச்சமும் இல்லாத கடைவீடுகளைப் பற்றி 1907இல் மருத்துவர் சிம்ப்சன் கொடுத்த அறிக்கையையும் நான் படித்திருக்கிறேன். யாரையும் கிட்டங்கியில் போய் வாழுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது ஒரு அளவுகோலைத் தருகிறது என்கிறேன். நகரின் மையத்தில், ஒரு பெட்டி வைக்கும் இடத்தை மட்டும் வாடகைக்குப் பிடித்து ஒருவர் தொழில் தொடங்க முடிந்தது.

1970களின் பிற்பகுதியில் கிட்டங்கிகள் போயின. அதே தெருவில் 1984இல் கோல்டன் ஷூ கார் நிறுத்தகம் வந்தது. 2017இல் அதையும் மூடினார்கள். இன்று அந்த மனையில் 280 மீட்டர் உயரத்துக்கு கேப்பிட்டாஸ்பிரிங் நிற்கிறது. 51 மாடி, கீழே உணவங்காடி, நடுவில் சேவைக் குடியிருப்பு, இடையில் தோட்டம், மேலே அலுவலகங்கள். பல்பயனுக்கு உதாரணம் கேட்டால் எல்லோரும் இதைத்தான் காட்டுவார்கள். நல்ல கட்டடம்; பழைய கட்டடத்தில் இருந்த உணவங்காடியை விடாமல் வைத்ததற்காகவே பாராட்டலாம். ஆனால் அந்த உணவங்காடியை எடுத்துவிட்டால், கையில் சிறு முதலோடு வருகிறவர் நுழைய அங்கே ஒரு கதவு இருக்கிறதா?

பயன்களின் எண்ணிக்கையைக் கேட்பதை நாம் நிறுத்த வேண்டும். ஒரு வட்டாரத்தில் வாடகைக்குக் கிடைக்கும் மிகச் சிறிய இடம் எவ்வளவு, அதன் வாடகை என்ன என்று கேட்க வேண்டும். என் வாதம் இவ்வளவே.

உயிர்ப்பான நகருக்கு ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் வைத்த நான்கு நிபந்தனைகளை மேடைக்கு மேடை ஒப்பிக்கிறோம். மூன்றாவதில் மட்டும் நம் குரல் இறங்கிவிடும். பழைய கட்டடங்களும் கலந்திருக்க வேண்டும் என்கிறது அது. அவர் பேசியது அழகைப் பற்றியல்ல, பழைய கட்டடத்தில் வாடகை குறைவு என்பதைப் பற்றி.

அதற்கு நம் ஊர் உதாரணம் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ். அது 1973இல் முடிந்தபோது அதை வரைந்தவர்கள் தாய்லாந்துக் கடைகளைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். ஸ்திராட்டா முறையில் சிறு சிறு கூறுகளாகப் பலர் கைக்குப் போன கட்டடம் அது. பெரிய நிறுவனங்கள் ஒதுக்கிய கூறுகளில் பேருந்துச் சீட்டு விற்பவரும் மளிகைக்காரரும் புகுந்து அதைக் குட்டித் தாய்லாந்து ஆக்கினார்கள். 2006இல் நாடாளுமன்றத்திலேயே அதைச் செங்குத்துச் சேரி என்று வர்ணித்தார்கள். 2021இல் அதே கட்டடம் பாதுகாக்கப்பட்ட மரபுடைமை ஆனது. அடுத்த ஆண்டு கூட்டு விற்பனையில் 70 கோடி வெள்ளிக்குப் போனது. 2023இல் கடைகள் கலைந்தன. கான்கிரீட்டைக் காப்பாற்றச் சட்டத்தில் இடமிருந்தது. உள்ளே பிழைத்தவர்களின் வாடகைக்கு அதில் இடமில்லை. மரபுடைமைத் துறை நண்பர்கள் கோபிக்க வேண்டாம். அந்த மரபுடைமை அறிவிப்பை வெற்றி என்று கொண்டாடிய கட்டுரைகளில் உள்ளே வாடகைக்கு இருந்த கடைக்காரர்களைப் பற்றி எவ்வளவு இருந்தது என்று மறுபடி புரட்டிப் பாருங்கள்.

அந்தக் கூறுகளைவிடச் சிறிய இடமும் இந்நகரில் இருந்தது: அஞ்சடி. கடைவீடுகளின் முன்னால் தொடர்ச்சியாகக் கூரையிட்ட நடைவழி வேண்டும் என்று ராஃபிள்ஸ் 1822இல் உத்தரவிட்டார். நடப்பதற்காக விட்ட இடத்தில் முடிதிருத்துபவரும் செருப்புத் தைப்பவரும் உட்கார்ந்துகொண்டார்கள். 1888இல் நகராட்சி அதைக் காலிசெய்யப் புறப்பட்டபோது கடைகள் அடைபட்டன, கலவரமே மூண்டது. அதை நம் நூல்கள் சட்டம் ஒழுங்கு அத்தியாயத்தில் சேர்த்துவிடுகின்றன. எனக்கு அது இத்தீவில் நடந்த முதல் நில வாடகை விவாதமாகத் தெரிகிறது. இந்த வாசிப்பை மிகையென்று மறுத்த இரண்டாமவரும் வந்திருக்கிறார். தேநீர் இடைவேளையில் தொடரலாம்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக புளோக்கின் கீழே இருக்கும் மாமா கடை என்ற சிறு பெட்டிக்கடையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்பீர்கள். அது பிற்பகல் அமர்வில் வருகிறது. கட்டுரை படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வரைபடங்களில் பயன்களுக்கு வண்ணம் தீட்டியிருப்பீர்கள். அதன் ஓரத்தில், அந்த வட்டாரத்திலேயே மிகச் சிறிய கடை எத்தனை சதுர அடி, அதற்கு மாத வாடகை எவ்வளவு என்பதையும் எழுதிக் காட்டுங்கள். தெரியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அந்தக் காலிக் கட்டங்களை வைத்தே நாளைய விவாதத்தை நடத்தலாம்.

எனக்குத் தந்த நேரம் கடந்துவிட்டது என்று செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.